ரோல் போடாத கேமரா

"கார்த்திகை, இரண்டாம் செவ்வாய். பகல் முழுக்க மூடுபனி. கேமரா வந்து எட்டு நாள். பலம்: கையடக்கம். சத்தமில்லை. வளையங்களைத் திருப்பியே வேலையை முடிக்கலாம். தேதியைத் தானே பதிந்துகொள்கிறது. இனி நான் எழுத வேண்டியதில்லை. பலவீனம்: தூரத்தைக் கிட்டே கொண்டுவராது. ஈரத்துக்கு ஆகாது. பேட்டரி அரை நாள்தான்."

இது என் நாட்குறிப்பில் நானே எழுதியது. பலத்தில் கடைசியாக எழுதிய வரியை அடித்துப் பலவீனத்தில் சேர்க்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அதற்குள் மாரமங்கலத்தில் ஒரு பெண்ணின் பாதை அந்த வரியில் சிக்கிக்கொண்டது.

ஏற்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே எனக்கு ஒரு கடை. கயிறு, தார்ப்பாய், மண்வெட்டி, பூட்டு, குடை. அப்பா காலத்துக் கடை. வியாபாரம் போக மீதி நேரத்தில் நான் குறிப்பு எழுதுகிறவன்: எந்த நாள் மழை தொடங்கியது, காப்பி எப்போது பூத்தது, எந்த வளைவில் மண் சரிந்தது. யாரும் கேட்டு எழுதுவதில்லை. பழைய ஆவணங்களையும் பயணக் குறிப்புகளையும் படித்துப் படித்து ஒட்டிக்கொண்ட வழக்கம்.

கேமரா பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் கொடுத்தது. அவள் ஆசையாக வாங்கி, பிறகு செல்போனே போதும் என்று அலமாரியில் வைத்துவிட்டாள். "அத்தா, உங்களுக்குத்தான் இது சரி" என்று கொண்டுவந்து கொடுத்தாள். மேல்பாகம் வெள்ளி நிறம், உடம்பில் சொரசொரப்பான கறுப்புத் தோல். பார்த்தால் என் கல்யாணத்தில் படமெடுத்தவர் கழுத்தில் தொங்கிய பிலிம் ரோல் கேமரா போலவே இருக்கும். உள்ளே எல்லாம் இந்தக் காலத்து மின்னணுச் சரக்கு. தலைமேல் வேகத்துக்கு ஒரு டயல், லென்ஸைச் சுற்றி வெளிச்சத்துக்கு ஒரு வளையம், ஓரத்தில் படத்தைக் கொஞ்சம் வெளுக்கவோ கறுக்கவோ இன்னொரு டயல். அணைத்து வைத்திருக்கும்போதே எது எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும் என்று நினைக்கிற என்னைப் போன்றவனுக்கு இது பெரிய சுகம்.

குறைகள் மெல்ல மெல்லத் தெரிந்தன. ஜிப்பாப் பையில் போட்டால் ஓரத்து டயல் துணியில் உரசித் தானே திரும்பிவிடும். ஒரு முழுக் காலை எடுத்த படங்கள் எல்லாம் அந்தி போல இருண்டு கிடந்தன. கண்ணை வைத்துப் பார்க்கும் சன்னல் லென்ஸுக்குப் பக்கத்தில் தனியாக இருப்பதால், லென்ஸ்மேல் பனி படிந்திருந்தாலும் சன்னலில் உலகம் துலக்கமாகத் தெரியும். நன்றாக எடுத்துவிட்டோம் என்று நம்பி வீட்டுக்கு வந்து பார்த்தால் வெள்ளைத் துணி. மழைக்காலத்தில் ஏற்காட்டில் இதைவிட மோசமான குறை வேறு இருக்க முடியாது.

லென்ஸ் ஒன்றுதான், மாற்ற முடியாது, நீளாது. ஒருவரைப் படமெடுக்க வேண்டுமானால் அவர் பக்கத்தில் நடந்துபோக வேண்டும். பக்கத்தில் போனால் பேச வேண்டும். இதைப் பலம் என்பதா பலவீனம் என்பதா என்று இன்றுவரை நான் முடிவு செய்யவில்லை.

அந்த வசந்தத்தில் காப்பி இரண்டு முறை பூத்தது. மாசியில் எதிர்பாராமல் ஒரு மழை, பங்குனியில் வழக்கமான மழை. ஒவ்வொரு மழைக்கும் ஒன்பது பத்து நாள் கழித்துச் செடிகள் வெள்ளையாகிவிட்டன. மார்ச் தொடக்கத்தில் ஒரு பூ, ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு பூ. இரண்டு மழையும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. பூப் பார்க்க நான் மாரமங்கலத்துக்கு ஒரே ஒரு முறைதான் போனேன். அது குறிப்பில் இல்லை. படம்தான் இருக்கிறதே, அதில்தான் தேதி இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கி எஸ்டேட் ஓரமாக நடந்தபோது எதிரே அந்த அக்கா வந்தார். என் கடையில் தார்ப்பாய் வாங்குகிறவர். எஸ்டேட்டுக்கு அப்பால் அவருக்கு ஒன்றேகால் ஏக்கர்: காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, கொஞ்சம் சாமை. கணவர் இல்லை. மகன் திருப்பூரில். தலையில் ஒரு மூட்டையோடு, இரண்டு பக்கமும் பூத்துக் கிடந்த காப்பிக்கு நடுவில் வந்துகொண்டிருந்தார். நான் கேமராவை எடுத்ததும் நின்றுவிட்டார்.

"ஏனுங்க பாய், இன்னும் ரோல் கேமராதான் வெச்சிருக்கீங்களா? ஆடு மேய்க்கறவன்கூட செல்லு வெச்சிருக்கானுங்க."

"பார்க்கத்தானுங்கக்கா அப்படி..."

"இருங்க இருங்க, பேசிட்டே அடிச்சா ரோல் வீணாப் போயிரும். மூட்டைய எறக்கட்டுமா, சொமந்துட்டே நிக்கட்டுமா?"

"சுமந்துட்டே நில்லுங்கக்கா. நல்லா இருக்குது."

"உங்களுக்கு என்னங்க, நோவறது என்ற கழுத்து."

மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண் சிமிட்டாமல் நின்றார். செல்போனைக் கண்டால் மனிதர்கள் பல்லைக் காட்டிவிட்டு உடனே "காட்டுங்க" என்று கையை நீட்டுகிறார்கள். இந்தக் கேமராவுக்கு முன்னால் அப்படி இல்லை. ஒரு படம் ஒரு தடவைதான் என்று நினைத்துத் தங்களை முழுதாகக் கொடுத்து நிற்கிறார்கள். எடுத்த பிறகு அவர் கேட்டதும் வேறு கேள்வி: "கழுவி எப்பங்க குடுப்பீங்க?"

கழுவுகிற வேலை எதுவும் இதில் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "அடுத்த வாரமுங்கக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த நிற்றல் எனக்குப் பிடித்திருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

அந்த எஸ்டேட் அப்போதுதான் கை மாறியிருந்தது. புது முதலாளி வெளியூர்க்காரர். வேலி போடப் போகிறார் என்ற பேச்சு வந்ததும், மார்ச் கடைசியில் ஊர்க்காரர்கள் கூட்டம் போட்டார்கள். முதலாளியும் வந்திருந்தார். இன்றைக்குத் திறந்து கிடக்கிற தடம் எதையும் மூடுவதில்லை என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டார். எழுத்தில் எதுவும் இல்லை. வாய்ப்பேச்சுதான், ஆனால் எல்லாரும் கேட்ட பேச்சு.

மே மாதம், நான் படமெடுத்த அதே இடத்தில், எஸ்டேட் வழியாகப் போகும் அக்காவின் தடத்தில் நின்ற இரும்புக் கதவுக்குப் பூட்டு விழுந்தது. கதவும் தூண்களும் கூட்டத்துக்கு முன்பே, மார்ச் நடுவிலேயே வைத்தாயிற்று, ஆகவே அது திறந்து கிடந்த தடமே இல்லை என்றது எஸ்டேட். கூட்டம் முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் தூண் எழும்பியது என்றார் அக்கா. சுற்று வட்டாரத்தில் மற்றவர்களுக்கு அந்த வழியில் வேலை இல்லாததால் உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை. கதவு வழியாகப் போனால் ஜீப் நிற்கும் இடத்துக்குக் கால் மணி. ஓடையில் இறங்கி ஏறிச் சுற்றினால் ஒரு மணிக்கு மேல், அதுவும் தலைச்சுமையோடு. அறுவடைக் காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை நடை போக முடியும்?

அப்போதுதான் அவருக்குப் படம் ஞாபகம் வந்தது. கடைக்கு வந்தார்.

"பாய், அன்னிக்கு ரோல்ல அடிச்சீங்களே, கழுவிட்டீங்களா?"

அன்று மாலையே மடிக்கணினியில் பார்த்தேன். இரண்டு சில்வர் ஓக், நடுவில் மண் தடம், மூட்டையோடு அவர். தூண் இல்லை, கதவு இல்லை. இப்போது தூண் நிற்கும் இடத்தில் பூத்த செடி ஒன்று நின்றது. அந்த லென்ஸின் நேர்த்தியைச் சொல்லத்தான் வேண்டும்: பெரிதாக்கிப் பார்த்தபோது எல்லைக் கல்லின் பாசிகூடத் தெரிந்தது. படத்தோடு பதிந்திருந்த தேதி ஏப்ரல் முதல் வாரம். கூட்டத்துக்குப் பிறகு. மூலையில் தேதி வரும்படி சேலத்தில் ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன். அக்கா அதைச் சேலை முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த பிறகு மறுபடி கூட்டம் என்று முடிவானது. அதற்கு முந்தைய நாள், வேலை மெனக்கெட்டு, அதே வரிசையில் இருந்த மற்றப் படங்களையும் பார்த்தேன். நான் அப்படிப்பட்டவன். மாரமங்கலத்துப் படத்துக்குச் சில நாள் கழித்து எடுத்த ஒன்றில் பள்ளிவாசல் வாசல். படிக்கட்டு நிறையச் செருப்புகள். உச்சி வெயில். ஜும்மாக் கூட்டம் என்று பார்த்ததும் தோன்றியது. கேமராவில் பதிந்த தேதிக்கு நாட்காட்டியைப் புரட்டினேன். ஞாயிற்றுக்கிழமை.

ஈரத்துக்குப் பயந்து, பயன்படுத்தாத நாட்களில் பேட்டரியைக் கழற்றி அரிசி டப்பாவில் போட்டு வைப்பது என் வழக்கம். அதிக நாள் பேட்டரி இல்லாவிட்டால் கேமராவின் கடிகாரம் நின்றுவிடும். திரும்பப் போடும்போது தேதி கேட்கும். பூப் பார்க்கப் போன அன்று காலை அவசரமாகப் பேட்டரியைப் போட்டுத் தேதி வைத்தது ஞாபகம் இருக்கிறது. திரையில் முதலில் கேட்டது மாதமா நாளா என்பது ஞாபகம் இல்லை. ஒரு மூன்று, ஒரு நான்கு. எதை எங்கே வைத்தேன்? சரியாக வைத்திருந்தால் அது ஏப்ரல் மூன்று. மாற்றி வைத்திருந்தால் உண்மையில் மார்ச் நான்கு. கேமரா முப்பது நாள் முந்தி ஓடியிருக்கும், கிழமையும் இரண்டு நாள் தள்ளிப் போயிருக்கும். வெள்ளி ஞாயிறாகும்.

மார்ச் தொடக்கம் என்றால் படம் எதையும் நிரூபிக்காது. அப்போது கதவு இல்லை என்பதை எஸ்டேட்டே ஒப்புக்கொள்கிறது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசலில் நிக்காஹ் நடப்பதும் உண்டு. அந்த வாரங்களில் இரண்டு மூன்று நடந்தன. செருப்பைப் பார்த்துத் தொழுகையா கல்யாணமா என்று எப்படிச் சொல்வது? மே மாதம் மகள் வந்தபோது கேமராவுக்குப் புதிதாகத் தேதி வைத்துக் கொடுத்தாள். அதற்குள் பழைய கடிகாரம் நின்றுபோயிருந்ததால், அது சரியாக ஓடியதா என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரி நாட்குறிப்பை மூன்று முறை புரட்டினேன். மழை இருந்தது, மூடுபனி இருந்தது, மண்ணெண்ணெய் வண்டி வராததுகூட இருந்தது. மாரமங்கலம் இல்லை.

கூட்டம் ஊர்ப் பொதுக் கட்டிடத்தில். ஊர்ப் பெரியவர் ஒருவர், எஸ்டேட் சார்பில் அங்கே கணக்கும் நிர்வாகமும் பார்க்கும் ரைட்டர், அக்கா, நான், வேடிக்கை பார்க்கப் பதினைந்து பேர். ரைட்டர் சேலத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், கெட்டவர் இல்லை. படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "செல்லுல எடுத்ததுன்னா நாங்க ஒத்துக்க மாட்டமுங்க" என்றார்.

"பாய் கழுத்தப் பாருங்க" என்றார் அக்கா. "செல்லா அது?"

ரைட்டர் எழுந்து வந்து, கேமராவை என் கழுத்தில் தொங்கியபடியே தூக்கிப் பார்த்தார். வேக டயலை ஒரு முறை 'டிக்' என்று திருப்பினார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, ரோல் கேமராங்களா! எங்கப்பார் கல்யாண போட்டோவெல்லாம் இப்படி ஒண்ணுலதானுங்க எடுத்தது. அப்ப நான் பேச ஒண்ணுமில்லீங்க. கம்ப்யூட்டர்ல எந்தத் தேதி வேணும்னாலும் போடலாம். ரோல் பொய் சொல்லாதுங்க."

"பாயும் சொல்ல மாட்டாரு" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "கொடையில ஓட்டை இருந்தாக்கூட சொல்லித்தான் விப்பாரு."

சிரிப்பு. பெரியவர், "அப்ப முடிஞ்சுதுங்க. டீ சொல்லுங்கப்பா" என்றார்.

டீ வந்தது. அதைக் குடித்து முடிக்கிற நேரம் நான் சும்மா இருந்தேன். ரோல் கேமராக்களிலும் தேதியை மனிதன்தான் வைத்தான். தப்பான வருடத்தோடு எத்தனை பழைய கல்யாணப் படங்களை நான் பார்த்திருக்கிறேன். ரைட்டர் நம்பியது ரோலை அல்ல, வெள்ளி நிற மூடியையும் 'டிக்' சத்தத்தையும். இந்தக் கேமராவைச் செய்தவர்கள் அந்த நம்பிக்கையைத்தான் விலைக்கு விற்கிறார்கள். நானும் அதைத்தான் அணிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ரோல் இல்லீங்க" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. கேமராவைத் திருப்பிப் பின்பக்கத் திரையைக் காட்டினேன். தேதி விஷயத்தையும் சொன்னேன்: மூன்று, நான்கு, செருப்புகள், எல்லாம். சொல்லச் சொல்ல நீளமாகிக்கொண்டே போனது. ரைட்டரின் முகத்தில் ஏமாற்றம்தான் முதலில் தெரிந்தது. அப்பாவின் கல்யாணத்தை யாரோ பறித்துக்கொண்டது போல. பிறகுதான் தன் பக்கத்து லாபம் அவருக்கு உறைத்தது.

"பாய், நீங்க என்னதான் நெனைக்கறீங்க? எந்த மாசம்?" என்று கேட்டார் பெரியவர்.

"ஏப்ரல்னுதான் நினைக்கிறேனுங்க. சத்தியமாச் சொல்ல முடியாது."

"நெனைக்கறத வெச்சுக் கதவைப் பேத்தெடுக்க முடியாதுங்களே."

கடைசியில் ரைட்டரே ஒரு சமாதானம் சொன்னார். கதவு இருக்கட்டும், அக்காவுக்கு ஒரு சாவி கொடுத்துவிடுகிறோம், எப்போது வேண்டுமானாலும் திறந்து போகட்டும். நல்ல முடிவு என்று பலர் தலையாட்டினார்கள். எனக்கும் பாரம் இறங்கியது. ரைட்டர் எடுத்து நீட்டிய சாவியை அக்கா தொடவில்லை.

"சாவிய வாங்கினா அது அவிங்க கதவுன்னு நான் சொன்ன மாதிரி ஆயிருமுங்க. நாளைக்கு ரைட்டர் மாறுவாரு, பூட்டு மாறும். தடத்துக்கு எதுக்குங்க சாவி?"

எழுந்து வெளியே போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். பஸ் வரும் வரை இரண்டு பேரும் ரோட்டோரம் நின்றோம்.

"கோவமாக்கா?"

"சும்மா இருக்கறதுக்கு என்னங்க கேடு உங்களுக்கு? ஒரு ஏலக்காயப் போட்டு மென்னுட்டு இருந்தா முடிஞ்சிருக்கும்."

"பொய்யாப் போயிருமேக்கா."

"எதுங்க பொய்? நான் நடந்தது பொய்யா? தூணு இல்லாதது பொய்யா? கூட்டம் முடிஞ்சு ரெண்டு வாரம் தூணு இல்லாமதான் நடந்தேன். என்ற காலுக்குத் தெரியும். உங்க பொட்டிக்குத் தேதி தெரியாததுக்கு என்ற தடம் என்னங்க பண்ணும்?"

அவர் சொல்வதே உண்மையாக இருக்கலாம். இருக்கும் என்றே நம்புகிறேன். அப்படியானால் நான் கூட்டத்தில் காப்பாற்றியது எதை? அவருக்கு வேண்டியிருந்தது அந்த நாளில் அங்கே நின்ற ஒரு மனிதனின் சொல். நானும் அங்கே நின்றவன்தான். என் கண்ணால் பார்த்ததைக் கேமராவிடம் ஒப்படைத்துவிட்டு, கேட்டபோது கேமராவைப் போலவே தேதி தெரியாமல் நின்றேன்.

அதன் பிறகு ஒரு மாதம் அவர் என் கடைக்கு வரவில்லை. பிறகு ஒரு நாள் கயிறு கேட்டு வந்தார். "நொம்ப மெல்லிசா இருக்குதுங்க, இதுல மூட்டை கட்டினா ஓடையில உருளும்" என்றார். தடித்த கயிறாக எடுத்துக் கொடுத்தேன். ஓடை வழியாகத்தான் சுமக்கிறார் என்று அப்படித் தெரிந்தது. சாவி இன்னும் எஸ்டேட் ஆபீஸ் ஆணியில் தொங்குகிறதாம்.

இப்போது எந்தப் படம் எடுத்தாலும் அங்கேயே நின்று நோட்டில் தேதி, கிழமை, நேரம் எழுதுகிறேன். கேமராவை விட்டுவிடவில்லை. பக்கத்தில் போய்ப் பேச வைக்கிற அந்த ஒற்றை லென்ஸுக்காகவே வைத்திருக்கிறேன். "ரோலா?" என்று கேட்கிறவர்களிடம், படமெடுப்பதற்கு முன்பே இல்லை என்று சொல்லிவிடுகிறேன். சொன்னதும் அவர்கள் நிற்கிற விதம் சற்றுத் தளர்ந்துவிடுகிறது. படங்கள் முன்போல் அழகாக வருவதில்லை.

புரட்டாசியில் மஞ்சக்குட்டைக்கு ஜீப்பில் போய், அந்தத் தூண்களைக் கட்டிய கொத்தனாரைக் கண்டுபிடித்தேன். வீட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மட்டப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எப்போது கட்டினீர்கள் என்று கேட்டேன்.

"பூ முடியற நேரமுங்க. வேலை செய்யறப்ப வாசம் தூக்குச்சு."

"எந்தப் பூவுங்க? முதல் பூவா, ரெண்டாவதா?"

"பூவுல மொதலு ரெண்டுன்னு நான் எங்கீங்க பாத்தேன்? நான் சிமெண்டைப் பாத்தேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா தேதி கீறியிருக்கறனுங்க. இடது தூணு, அடியில, ஈரத்துல ஆணியால. எல்லாத் தூணுலயும் போடுவனுங்க" என்றார்.

மறு வாரம் போய்ப் பார்த்தேன். இடது தூணின் அடிப்பாகம் எஸ்டேட் பக்கத்தில் முழங்கால் உயரம் மண்ணும் கல்லும் கொட்டி மூடிக் கிடக்கிறது. மழையில் தூண் சாயாமல் இருக்க மண் அணைத்தது என்றார் ரைட்டர். தோண்டிப் பார்க்க முதலாளியிடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஊர்ப் பெரியவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதை எழுதும் நாள் வரை பதில் இல்லை. தூணின் அடியில் தேதி இருப்பதாகக் கொத்தனார் ஒருவர் மட்டும் சொல்கிறார். நான் பார்க்கவில்லை. அது மார்ச்சா ஏப்ரலா என்பது சரிபார்க்கப்படவில்லை.